ஐந்து விரல் நீலம்

செல்லாயி வெள்ளை ரெக்சினில் தைக்க மாட்டாள். லாரி முதலாளி யாராவது புது வண்டிக்கு வெள்ளை சீட்டு வேண்டுமென்று வந்து நின்றால், "வெள்ளை சீக்கிரம் அழுக்காயிருமுங்க, செவப்புப் போட்டுக்குங்க, அம்சமா இருக்கும்" என்று பேசியே அவரை மாற்றிவிடுவாள். உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். கோணி ஊசி விரலில் குத்தினால் உங்களுக்கும் எனக்கும் ஒரு பொட்டு ரத்தம் வரும். வாயில் வைத்துச் சப்பினால் நின்றுபோகும். அவளுக்கு நிற்காது. துணியைச் சுற்றிக்கொண்டு, கையைத் தூக்கிப் பிடித்தபடி, அடுப்பில் வைத்த சோறு வெந்து முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். சிவப்பு ரெக்சினில் கறை தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

செல்லாயி என் மனைவி. நான் அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்காரன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மர வேலை மேஸ்திரி. பேரிலேயே பாதிப் பொண்டாட்டியை வைத்துக்கொண்டு பிறந்தவன் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் பொண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஒரு ஊரே கூடித் தீர்ப்புச் சொன்னது. அவளுடைய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த அவமானத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு காந்துகிறது.

நான் கோபக்காரன்தான். இல்லையென்று சொன்னால் பட்டறைச் சுவரே சிரிக்கும். அளவு தப்பி அறுத்த பலகையைத் தெருவில் வீசியிருக்கிறேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் அவள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. வைக்கவும் தோன்றாது. நான் கத்துகிறபோது அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்களா, இல்ல இன்னும் பாக்கி இருக்குதுங்களா?" என்று கேட்பாள். அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது?

அவள் மேச்சேரிப் பக்கத்துப் பெண். காடும் ஆடும் வைத்திருந்த குடும்பம். அப்பா அவள் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் வெள்ளியங்கிரிதான் அப்பா ஸ்தானத்தில் நின்று வளர்த்தார். தங்கை என்றால் அவருக்கு உயிர். எனக்குக் கட்டிக் கொடுத்த அன்றைக்கு, தாரை வார்க்கும்போது அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுததை நான் மறக்கவில்லை. பிறகு அவர் எனக்குச் செய்ததெல்லாம் அந்தப் பாசத்தில் செய்ததுதான். அது எனக்குப் புரியாமலில்லை. புரிந்தாலும் வலிக்காமலில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய கையிலும் காலிலும் அங்கங்கே நீலம் நீலமாகக் கன்னிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "சின்ன வயசுல இருந்தே இப்பிடித்தானுங்க. கட்டில் கால் பட்டாக்கூட நீலம் பாஞ்சுரும். எங்கண்ணனுக்கும்தான் ஒடம்பெல்லாம் கன்னிக் கெடக்கும். அது கிடா முட்டுனதுன்னு சொல்லும்" என்றாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். ஆடு வைத்திருக்கிறவனைக் கிடா முட்டத்தானே செய்யும்?

சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள். பட்டறையில் வேலை நடப்பதை நின்று நின்று பார்த்தே சீட்டுத் தைக்கக் கற்றுக்கொண்டாள். சாண் வைத்து அளப்பாள், இம்மி பிசகாது. இரண்டே வருஷத்தில், சீட்டு வேலை என்றால் மேஸ்திரி ஊட்டம்மாதான் என்று டிரைவர்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் பெருமையான பெருமை. ரெக்சினும் பசையும் நாறும் அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அவள் ஊருக்குப் புறப்பட்டோம். பாடி கட்டி முடித்த வண்டி ஒன்று மேட்டூருக்குப் போக நின்றது. டிரைவர் நம்ம ஆள். முன்னால் ஏறிக்கொள்ளச் சொன்னான். லாரியின் படி எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். நான் முதலில் ஏறிக்கொண்டு, குனிந்து, அவளுடைய மேல் கையைப் பற்றித் தூக்கினேன். கால் வழுக்கியது. விட்டால் விழுந்துவிடுவாள் என்று இறுக்கிப் பிடித்து இழுத்தேன். மேலே வந்து விழுந்தவள் சிரித்தாள். "சீட்டு நாந் தெச்சது, அதுல ஏறி உக்கார எனக்கே இந்தப் பாடுங்களா!" என்றாள். அவள் தைத்த சிவப்பு சீட்டுத்தான் அது.

மறுநாள் காலையில் நோம்பிக் குளியல். அண்ணன் மனைவி முதுகு தேய்க்க வந்தவள், செல்லாயியின் கையைப் பார்த்துவிட்டு அலறினாள். மேல் கையில் ஐந்து விரலும் அச்சுப் போட்டாற்போல் நீலமாகப் பதிந்திருந்தன. ஏறும்போது வண்டிக் கதவில் இடித்த முதுகிலும் ஒரு பெரிய நீலம். அடுத்த நாழிகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கோயில் முன்னால் ஜமுக்காளம் விரித்தார்கள். ஊர்ப் பெரியவர் சின்னண்ணன் நடுவில் உட்கார்ந்தார். வெள்ளியங்கிரி தங்கையை அழைத்து வந்து, முந்தானையை விலக்கி, அந்தக் கையை எல்லோருக்கும் காட்டினார்.

"அம்மிணி, பயப்படாம சொல்லு. மாப்ள கை நீட்டுனாரா?" என்று கேட்டார் சின்னண்ணன்.

"இல்லீங்க. வண்டியில ஏத்துனாருங்க. படி ஒசரமுங்க, கையப் புடிச்சுத் தூக்குனாருங்க. அவ்வளவுதானுங்க."

"தூக்குனதுக்கு இப்பிடியா பதியும்? நாங்கெல்லாம் பொண்டாட்டிய வண்டியில ஏத்தாதவங்களா?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நெசமாத்தானுங்க. சாமி முன்னால நின்னு சொல்றனுங்க. அவுரு அடிக்கலீங்க" என்றாள்.

"பாவம், புருசனக் காட்டிக் குடுக்க மனசு வருமா!" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். அவ்வளவுதான், முடிந்தது. அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆமாம் ஆமாம் என்றே அவர்கள் காதில் விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, "அதுதான் இல்லைங்கறாளே, காது செவிடா உங்களுக்கெல்லாம்!" என்று கத்திக் கோயில் தூணை ஓங்கிக் குத்தினேன். கூட்டம் அப்படியே அடங்கியது. பிறகு யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "பாத்தீங்களா!"

அவள் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், ஊர் கூப்பிடும் வரை நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. வெள்ளியங்கிரி என்னிடம் வந்து, "போயிட்டு வாங்க மாப்ள" என்றார். எங்கள் பக்கம் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் போகாது. அந்த மரியாதையைவிட நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழைக்காலம் போனது, தையும் போனது. தைக்காத சிவப்பு ரெக்சின் சுருள் வீட்டு மூலையில் நின்றது. நான் பலகை அறுத்தேன், திட்டினேன், சாப்பிட்டேன், படுத்தேன். அவள் இல்லாத வீட்டில் கத்துவதற்குக்கூட ஆளில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் மேச்சேரி ஆள் ஒருவர் பட்டறைக்கு வந்து சொன்னார். செல்லாயிக்கு மூக்கில் ரத்தம் ஊற்றி, நிற்காமல், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். வயிற்றைக் கிழித்து ஆபரேசனாம், அதற்குப் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். உளியை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளியங்கிரி நின்றார். முகம் வாடிக் கிடந்தது. "நாளைக்குக் காத்தால ஆபரேசனுங்க. கையெழுத்துப் போடுங்க மாப்ள. போட்டுட்டு அவளப் பாத்துட்டுப் போயிருங்க" என்றார்.

வார்டில் அவளைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மாத்திரை கொடுத்துக் கொடுத்து முகம் உப்பி வீங்கியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள். பக்கத்தில் அவள் அம்மா காளியாத்தாள் உட்கார்ந்திருந்தார். செல்லாயி என்னைப் பார்த்து, "கத்தாதீங்க. ஆஸ்பத்திரிங்க இது" என்றாள். கத்துகிற நிலையில் நான் எங்கே இருந்தேன்? அழுதுகொண்டிருந்தேன்.

பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் அவள் உடம்பில் மிகக் குறைவாக இருக்கின்றன, மண்ணீரல் அவற்றைத் தின்றுவிடுகிறது போலிருக்கிறது, மாத்திரைக்குக் கேட்கவில்லை, இனி மண்ணீரலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார். "இந்த நிலையில கத்தி வைக்கறது ஆபத்துதான். வைக்காம விட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் கசியும். ரத்தம் ஏத்தறதுக்கு ஆள் தயார் பண்ணிக்குங்க" என்றார்.

"நாங் குடுக்கறனுங்க, எத்தன பாட்டல் வேணுமோ எடுத்துக்குங்க" என்று வெள்ளியங்கிரி முன்னால் வந்தார். நான் பேனாவை வாங்கிவிட்டேன். அப்போது ஒரு ஆயா வந்து, செல்லாயியின் வீட்டுக்காரரை லேபில் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

லேப் ஒரு நீள அறை. அங்கே டாக்டர் மங்கையர்க்கரசி என்று ஒரு சின்ன வயதுப் பெண், தஞ்சாவூர்ப் பேச்சு. அப்போதுதான் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார். "உங்க மனைவியை நீங்க அடிப்பீங்களா?"

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லைங்க" என்றேன்.

"கையில அஞ்சு விரல் பதிஞ்சிருந்துதாமே?"

லாரியில் தூக்கிவிட்டதைச் சொன்னேன். இதையே எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, எவனும் நம்பவில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள் என்றேன்.

"நான் நம்பறேன்" என்றார். "ரத்தத்தைப் பார்த்தேன், நீங்க சொல்றது சரியா இருக்கு."

ஒரு ஊர் முழுக்க நம்பாததை, என்னை முன்பின் தெரியாத ஒரு பெண் நம்பினார். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்ற காளியாத்தாளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கவனமாக் கேளுங்க. ரத்தம் கசியற இடத்துல ஓடிப்போய் ஒட்டி அடைக்கறதுதான் தட்டணு. அது எங்கிருந்து வருது தெரியுமா? எலும்புக்குள்ள மஜ்ஜையில ரொம்பப் பெரிய செல் ஒண்ணு இருக்கு. அது நூல் நூலாக் கை நீட்டும். அந்த நூல் ரத்தக் குழாய்க்குள்ள இறங்கி, துண்டு துண்டாப் பிரியும். ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டணு. இடியாப்பம் பிழியற மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"இடியாப்பமுங்களா?" என்று விழித்தார் காளியாத்தாள்.

"சந்தகைங்க, அத்தை" என்றேன்.

"ஓ, சந்தகைங்களா" என்று அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த நூலை நீட்டவும் அளவாப் பிரிக்கவும் செல்லுக்குள்ள ஒரு எலும்புக்கூடு இருக்கு. நம்ம எலும்பு மாதிரிக் கெட்டியா இருக்காது. கண்ணுக்கே தெரியாத மெல்லிசுக் குழாயும் கயிறும்தான்."

"லாரிக்கு அடிச்சட்டமா சேஸ் இருக்கறாப்பலைங்களா?" என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட. ஆனா உங்க சேஸ் ஒரு தடவை செஞ்சா செஞ்சதுதான். இது ஓயாமப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டிக்கிட்டே இருக்கும். குழாய் நீண்டா நூல் நீளும். கயிறு இழுத்துப் பிடிச்சு ஒழுங்கு பண்ணும். அந்த ஏற்பாட்டுல எங்கயாவது பிசகு இருந்தா, நூல் சரியா வராது. பெரிய பெரிய கட்டியாப் பிஞ்சு விழும்."

"அச்சு சரியில்லீன்னா சந்தகை அப்பிடித்தானுங்க உழுவும், பொத்துப் பொத்துனு" என்றார் காளியாத்தாள்.

"அதேதாம்மா. உங்க மக ரத்தத்துல தட்டணு குறைவுதான். ஆனா இருக்கிற ஒவ்வொண்ணும் ராட்சசன் மாதிரி இருக்கு. சிவப்பணு அளவுக்கு இருக்கு. எண்ணும்போது பெருசையெல்லாம் வேற ஏதோன்னு விட்டுட்டாங்க. அதனால உள்ளதை விடக் குறைச்சலாத் தெரிஞ்சிருக்கு. வெள்ளணுவுக்குள்ள நீலமா ஒரு தீற்றலும் தெரியுது. இப்படி ஒரு குறை உண்டுன்னு புத்தகத்துல படிச்சிருக்கேன், நேர்ல பார்த்ததில்லை. அந்த எலும்புக்கூட்டுக் கோளாறுதானான்னு இன்னும் யாரும் முடிவாச் சொல்லலை. ஆனா ஒண்ணு நிச்சயம். தப்பு பிழியற இடத்துல. மண்ணீரல் பாவம், அது ஒண்ணும் பண்ணலை. அதை எடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்லை. வயித்தைக் கிழிச்ச பிறகு ரத்தம் நிக்கலைன்னா..."

செல்லாயி நாளைக்குக் காலையில் ஒன்றுமில்லாததற்காகச் செத்துப்போவாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

"நீங்க பெரிய டாக்டருகிட்டச் சொல்லுங்கம்மா!" என்றேன்.

"சொன்னேன். ஒரே ஒரு ஸ்லைடை வச்சுக்கிட்டு எப்படி நிறுத்தறதுன்னு கேட்கறார். அவர் கேட்கறதுலயும் நியாயம் இருக்கு. இது பரம்பரையா வர்ற குறை. கூடப் பிறந்தவங்க யாருக்காவது இதே மாதிரித் தட்டணு இருந்தா மறுபேச்சே கிடையாது. அவங்க அண்ணன் விரல்ல ஒரு சொட்டு எடுக்கணும். இன்னிக்குள்ள."

ஒரு சொட்டு! பாட்டில் கணக்கில் கொடுப்பேன் என்கிற மனுஷன், ஒரு சொட்டா கொடுக்க மாட்டார் என்று ஓடினேன். டாக்டரம்மாவும் கூடவே வந்தார். எதற்கு என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

வெள்ளியங்கிரியின் முகம் மாறிவிட்டது.

"எங்க குடும்பத்து ரத்தத்துலயே கோளாறுங்கறீங்களா?"

"கோளாறுன்னு வேண்டாங்க. பிறவியில வர்ற ஒரு..."

"வேண்டாமுங்க. ஒரு பாட்டல் கேளுங்க, இப்பவே படுத்துக்கறன். இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். என்ற மவளுக்கு மாப்ள பாத்துட்டிருக்கறனுங்க. ரத்தத்துல நோவுன்னு ஒருத்தன் வாயில உழுந்துதுன்னா எவன் வந்து பொண்ணுக் கேப்பான்? எனக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குக் காச்சலே வந்ததில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அடிச்சு அடிச்சு அவள இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டு, இப்ப எங்க ரத்தத்து மேல பழி போட வந்துட்டீங்களா மாப்ள?"

ஐயோ, அந்தச் சொல்! எனக்குக் கண் இருண்டது. அவருடைய முன்கையைப் பற்றி, லேபை நோக்கி இழுத்தேன். "வாங்க மச்சான்! வெரல நீட்டுங்க! அவ செத்துப்போயிருவா மச்சான்!" என்று கத்தினேன். அவர் திமிறினார். நான் விடவில்லை. வார்டு ஆட்கள் ஓடிவந்து என் விரல்களைப் பிரித்து எடுத்தார்கள். அவரை நான் அடிக்கவில்லை. பிடித்தேன், அவ்வளவுதான். டாக்டரம்மா, "அவர் சம்மதிக்காம நான் ஊசியைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளியங்கிரி சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. நான் வராந்தாவில் நின்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால், பொண்டாட்டியை அடித்தவன் இப்போது வைத்தியத்தையும் தடுக்கிறான் என்பார்கள். அதுகூடப் போகட்டும். தலைக்குள் ரத்தம் கசியும் என்றாரே பெரிய டாக்டர், அது நடந்துவிட்டால்? போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மகமாயி, அந்த ஆளுக்கு ஒரு நல்ல புத்தியைக் கொடு என்று வேண்டினேன்.

பொழுது சாய ஆரம்பிக்கும் நேரத்தில் காளியாத்தாள் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய் மகன் முன்னால் வைத்தார். வெள்ளியங்கிரி கை கழுவச் சட்டைக் கையை மடித்தார். தண்ணீர் ஊற்றிய கிழவி அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்னடா?"

வெள்ளியங்கிரி குனிந்து பார்த்தார். முன்கையில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மறு பக்கம். நீலமாக, அச்சுப் போட்டாற்போல்.

"ஒண்ணுமில்ல ஆத்தா, கிடா முட்டி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சேலத்து ஆஸ்பத்திரியில் ஏது கிடா? அது அவருக்கே தெரிந்தது.

வாளியைக் கீழே வைத்தார் காளியாத்தாள். "உங்கொப்பனுக்கும் இப்பிடித்தான்டா நீலம் பாயும். பல்லுப் புடுங்குனாங்க. ரத்தம் நிக்கவே இல்ல. காத்துக்கருப்பு குடிச்சுருச்சுன்னாங்க, பூசை போட்டாங்க. போயிட்டாரு. உன்ற ஒடம்புல பாத்தா காட்டு வேலைன்னு உட்டுட்டன். அவ ஒடம்புல பாத்தப்ப மாப்ள அடிச்சாருன்னு நானுந்தான்டா சாபம் உட்டன். அந்த டாக்டரம்மா கேட்டப்பக்கூட வாயத் தெறக்காம குத்துக்கல்லாட்ட உக்காந்திருந்தன், உனக்குப் பயந்துக்கிட்டு" என்று சொல்லி, மகனுடைய கையை உயர்த்திப் பிடித்தார். "மாப்ள இப்ப உன்ன அடிச்சாராடா? சொல்லுடா, அடிச்சாரா?"

வெள்ளியங்கிரி சோற்றைத் தொடவில்லை. எழுந்து, என்னைத் தாண்டி, நேராக லேபுக்குள் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டரம்மாவின் முன்னால் விரலை நீட்டி, "எடுத்துக்குங்க" என்றார்.

குத்திய இடத்தில் ரத்தம் பொட்டாக வந்து, பிறகு கோடாக வழிந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார்கள். பஞ்சு நனைந்தது, இன்னொன்று வைத்தார்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, மறுபடி காயவைத்தார் டாக்டரம்மா. பிறகு கண்ணை மைக்ராஸ்கோப்புக் குழாயில் வைத்தார். நானும் வெள்ளியங்கிரியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். பெரிய டாக்டரின் கார் வாசலில் புறப்படுகிற சத்தம் கேட்டது.

டாக்டரம்மா தலையைத் தூக்கினார். "ஓடிப்போய் அந்தக் காரை நிறுத்துங்க" என்றார்.

நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கலாம். காருக்குக் குறுக்கே விழாத குறை. பெரிய டாக்டர் இறங்கி வந்தார். அண்ணன் ஸ்லைடைப் பார்த்தார், தங்கை ஸ்லைடைப் பார்த்தார், திரும்ப அண்ணனுடையதைப் பார்த்தார். நல்ல மனுஷன், வீம்பு பிடிக்கவில்லை. "ஆபரேசன் இல்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடுங்க. தங்கைக்கு ரத்தம் வேற யாராவது கொடுங்க, இவர்கிட்ட எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவள் வாழ்ந்தது பெரிய கதை. இரண்டு பாட்டில் ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றாள். பல் பிடுங்க வேண்டி வந்தபோது, முன்கூட்டியே அந்த டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். ஊசி பிடிப்பதை விடவில்லை, சிவப்பு ரெக்சினையும் விடவில்லை. எங்கள் மகளுக்கும் அதே பெரிய தட்டணுக்கள்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே வாத்தியாரிடம் போய், "இவ மேல நீலம் பாத்தீங்கன்னா எங்களை ஏசாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளியங்கிரியின் மகளுக்குக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லித்தான் நிச்சயம் செய்தார். டாக்டரம்மா சொன்ன அந்த எலும்புக்கூட்டுக் கயிற்றில்தான் பிசகு என்று பின்னாளில் உறுதியாகக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதையெல்லாம் சொன்னால் பொழுது போதாது. அன்றைக்குச் சாயங்காலம் வார்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேசன் இல்லை என்று சொல்ல நானும் மச்சானும் அத்தையும் அவள் கட்டிலுக்குப் போனோம். அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை, கும்பிடவில்லை. அண்ணன் விரலில் சுற்றியிருந்த பஞ்சைப் பார்த்தாள். அங்கிருந்து மேலே, மடித்த சட்டைக்குக் கீழே, அந்த ஐந்து விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்ணா, ஆருங்ணா உங்கள அடிச்சாங்க?"

வெள்ளியங்கிரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குனிந்துபோயிற்று.

"ஆரும் அடிக்கல அம்மிணி" என்றார்.

"நானும் அதையேதானுங்ணா சொன்னேன்" என்றாள் செல்லாயி.